அமெரிக்கப் பள்ளியில் முதல் இலையுதிர் காலம்: புதிதாக வந்த பெற்றோருக்கு

வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, தடுப்பூசிச் சான்று எல்லாவற்றையும் காட்டிப் பிள்ளையை ஆரம்பப் பள்ளியில் சேர்த்தாயிற்று. இனி டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று மூச்சு விடும் நேரத்தில்தான் பெற்றோரின் வேலை ஆரம்பிக்கிறது. செப்டம்பர் தொடங்கி நவம்பர் கடைசி வரை பண்ணைப் பயணம், போட்டோ நாள், தீயணைப்பு வண்டி வருகை, புத்தகச் சந்தை, ஹாலோவீன் ஊர்வலம், டீச்சருடன் சந்திப்பு என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதமும் ஒரு கடைசித் தேதியும் உண்டு. பலவற்றுக்குப் பணமும் கட்ட வேண்டும்.

நம் ஊரில் பள்ளிச் சுற்றுலா என்றால் பணம் கட்டிவிட்டு, காலையில் கொண்டுபோய் விட்டால் போதும். இங்கே பெற்றோர் உள்ளே வந்து கை கொடுப்பார்கள் என்று நம்பித்தான் பாதி நிகழ்ச்சிகளைத் திட்டமிடுகிறார்கள். ஆனால் உள்ளே வருவதற்கு ஓர் அனுமதி வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதை யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. என் மகள் கிண்டர்கார்டனில் இருந்தபோது பூசணித் தோட்டப் பயணத்துக்குக் கூட வருகிறேன் என்று விண்ணப்பித்தேன். அனுமதி வந்தபோது பயணம் முடிந்திருந்தது. அந்தப் பயணம் திரும்ப வராது, அடுத்த வருடம் வேறு வகுப்பு, வேறு இடம். அதனால்தான் இதை நிகழ்ச்சி வாரியாக மட்டும் சொல்லாமல், எதை எப்போது தொடங்க வேண்டும் என்ற வரிசையில் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி. மற்ற மாநிலங்களில் தேதிகளும் பெயர்களும் கொஞ்சம் மாறும். ஒரே மாநிலத்துக்குள்ளேயே ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் தனி விதிகள் இருக்கும். உங்கள் மாவட்ட இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

1. பள்ளி திறந்த வாரமே தன்னார்வலர் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இதை முதலில் செய்யுங்கள். வகுப்பில் கதை படிக்க, விருந்தில் உதவ, பயணத்தில் கூடப் போக, எதற்கும் பெரும்பாலான மாவட்டங்கள் உங்கள் பின்னணியைச் சரிபார்க்கும். சில இடங்களில் இணையத்தில் ஒரு படிவம் நிரப்பினால் போதும். சில இடங்களில் கைரேகை கேட்பார்கள், அதற்குத் தனியாக நேரம் பதிவு செய்து போக வேண்டும், கட்டணமும் நம் கையிலிருந்துதான். கலிபோர்னியாவில் பிள்ளைகளோடு அடிக்கடி பழகும் தன்னார்வலர்களுக்குக் காசநோய் அபாயப் பரிசோதனைச் சான்றும் வேண்டும்.

தேவைப்படுபவை: பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம், முகவரிச் சான்று, அவசரத் தொடர்பு எண். படிவத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்டிருந்து, எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கானது) வந்த உங்களிடம் அது இல்லையென்றால், அந்த இடத்தில் எதையாவது எழுதிவிட்டு அனுப்பாதீர்கள். பள்ளி அலுவலகத்துக்குப் போய், பாஸ்போர்ட்டை வைத்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அலுவலகத்தில் இருக்கும் செயலாளர் அம்மாதான் இந்தப் பள்ளியிலேயே அதிகம் தெரிந்தவர், அவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். சம்பளமில்லாமல் மற்ற பெற்றோரும் செய்கிற உதவிதான் என்பதால், இதற்கு வேலை அனுமதி அட்டை வேண்டுமோ என்று பயப்படத் தேவையில்லை.

அப்பா, அம்மா இருவரும் விண்ணப்பியுங்கள். ஒருவருக்கு அலுவலகத்தில் மீட்டிங் வந்தால் இன்னொருவர் போகலாம். அனுமதி பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும். எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அனுமதி கிடைத்த பிறகும், பள்ளிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வாசலில் மணி அடித்து, அடையாள அட்டையைக் காட்டி, சட்டையில் ஒட்டும் சீட்டு வாங்கித்தான் உள்ளே போக முடியும். அட்டையின் படம் போனில் இருந்தால் போதாது, அசல் வேண்டும்.

2. காகிதம் எந்த வழியில் வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

தகவல் மூன்று வழிகளில் வரும்: பையில் இருக்கும் ஃபோல்டர், மின்னஞ்சல், பிறகு கிளாஸ்டோஜோ, பேரன்ட்ஸ்கொயர், சீசா போன்ற ஏதாவது ஒரு செயலி. டீச்சர் ஒன்று, பள்ளி ஒன்று, பெற்றோர் சங்கம் வேறொன்று பயன்படுத்துவதும் உண்டு. செப்டம்பரில் நடக்கும் பேக் டு ஸ்கூல் நைட்டுக்குத் தவறாமல் போய், எந்தச் செய்தி எதில் வரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது பெற்றோருக்கு மட்டுமான கூட்டம், பிள்ளைகளைக் கூட்டிப்போகக் கூடாது. யாரிடம் விட்டுப் போவது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம்மவர் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் தேதி. இங்கே மாதம் முன்னால், நாள் பின்னால். 10/11 என்று இருந்தால் அக்டோபர் 11, நவம்பர் 10 இல்லை. 9/10, 10/9, 11/10 எல்லாமே இந்தப் பருவத்தில் வரக்கூடிய தேதிகள்தான், இரண்டு விதமாகப் படித்தாலும் சரி போலவே தோன்றும். காகிதம் கைக்கு வந்ததும் தேதியைத் தமிழில் மாதப் பெயரோடு எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

முதல் வாரத்தில் வரும் காகிதக் கட்டுக்குள் புகைப்பட அனுமதிப் படிவம் ஒன்று இருக்கும். பிள்ளையின் படத்தைப் பள்ளி வெளியிடலாமா என்று அதில் கேட்பார்கள். எதைத் தேர்ந்தாலும் உங்கள் விருப்பம், ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

3. வெளிப் பயணம்: ஸ்லிப், பணம், சாப்பாடு, மருந்து

சின்ன வகுப்புகளுக்கு இலையுதிர் காலப் பயணம் என்றால் பெரும்பாலும் ஆப்பிள் தோட்டம் அல்லது பூசணிப் பண்ணை. எங்கள் பக்கம் பிரின்ஸ்டனில் இருக்கும் டெர்ஹூன் ஆர்ச்சர்ட்ஸ் மாதிரி. வைக்கோல் பரப்பிய வண்டியில் சுற்றி வந்து, கடைசியில் ஆளுக்கொரு சின்னப் பூசணி எடுத்துக்கொள்வார்கள். பெரிய வகுப்புகளை ஜெர்சி சிட்டியில் உள்ள லிபர்ட்டி சயின்ஸ் சென்டருக்கோ வெஸ்ட் ஆரஞ்சில் உள்ள டர்ட்டில் பேக் மிருகக்காட்சிசாலைக்கோ கூட்டிப்போவார்கள்.

பெர்மிஷன் ஸ்லிப்பில் கையெழுத்து இல்லாமல் பிள்ளையை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். போனில் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள். கட்டணம் பொதுவாக 10 முதல் 25 டாலருக்குள் இருக்கும். ரொக்கமா, செக்கா, இணையத்திலா என்று ஸ்லிப்பிலேயே போட்டிருக்கும். ரொக்கம் என்றால் சரியான தொகையை உறையில் போட்டு, மேலே பிள்ளை பெயர், டீச்சர் பெயர், எதற்கான பணம் என்று எழுதுங்கள், சில்லறை திரும்பக் கிடைக்காது. செக் புத்தகம் இன்னும் வாங்காதவர்கள் வங்கியில் உடனே கேட்டு வைப்பது நல்லது. பணம் கட்டச் சிரமமாக இருந்தால் டீச்சரிடமோ கவுன்சலரிடமோ தனியாகச் சொல்லுங்கள். பெற்றோர் சங்கம் பல இடங்களில் இதற்கென்றே நிதி வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் பணம் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையைப் பயணத்திலிருந்து விலக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

மதியச் சாப்பாடு தூக்கி எறியக்கூடிய பையில் கேட்பார்கள். எவர்சில்வர் டப்பா, பிளாஸ்க் வேண்டாம், தொலைந்துதான் வரும். சூடாக்க வழியில்லை, கையைக் கழுவவும் வரிசையில் நிற்க வேண்டும். சப்பாத்தியைச் சுருட்டிக் கொடுப்பதுதான் எங்கள் வீட்டில் எடுபட்டது. நம் சாப்பாட்டில் ஒளிந்திருக்கும் ஒவ்வாமைப் பொருள்களை மறக்க வேண்டாம். எலுமிச்சை சாதத்தில் வேர்க்கடலை, இட்லிப் பொடியில் எள். எள்ளும் 2023 ஜனவரியிலிருந்து இங்கே முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்ந்துவிட்டது. கடலை கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தால் பயணத்துக்கும் அதே விதிதான்.

பிள்ளைக்கு இன்ஹேலரோ எபிபென்னோ (கடும் ஒவ்வாமைக்கான அவசர ஊசி) தேவை என்றால், டாக்டர் கையெழுத்திட்ட படிவமும் மருந்துக்கடை லேபிள் ஒட்டிய மருந்தும் பயணத்துக்கு முன்பே நர்ஸிடம் இருக்க வேண்டும். டாக்டர் அலுவலகத்தில் இந்தப் படிவம் கையெழுத்தாகிவரச் சில நாள்கள் பிடிக்கும். சாதாரண இருமல் மாத்திரையைக்கூடப் பையில் போட்டு அனுப்பக் கூடாது.

கூடப் போகும் பெற்றோரை ஷாப்பரோன் என்பார்கள். கேட்ட எல்லாருக்கும் இடம் கிடைக்காது, பல வகுப்புகளில் குலுக்கல்தான். சிலர் பஸ்ஸில் போகலாம், சிலர் சொந்தக் காரில் பின்னால் வர வேண்டும். நுழைவுக் கட்டணம் பெற்றோருக்குத் தனி. தம்பி தங்கையைக் கூட்டி வர முடியாது. நான்கைந்து பிள்ளைகள் உங்கள் பொறுப்பில் வருவார்கள், உங்கள் பிள்ளையின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நடக்க முடியாது. அவர்கள் படங்களை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். இதில் பள்ளிகள் மிகக் கறாராக இருக்கின்றன, அது நியாயமும்கூட.

காலையில் குளிரும், மதியம் வெயில் அடிக்கும். ஜாக்கெட்டின் உள்பக்கம் பெயர் எழுதிவிடுங்கள். பழைய ஷூ போதும், மண் சேறாக இருக்கும்.

4. தீயணைப்பு வீரர்கள் வரும் வாரம்

அக்டோபர் 9 வரும் வாரம் நாடு முழுக்கத் தீத்தடுப்பு வாரம். பள்ளி வளாகத்துக்கே தீயணைப்பு வண்டி வரும். ஒரு வீரர் பிள்ளைகள் முன்னாலேயே கால்சட்டை, கோட், தலைக்கவசம், கடைசியாக மூச்சுக் கருவி என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவார். மூச்சுக் கருவி போட்டதும் சத்தம் மாறி ஆளே பயங்கரமாகத் தெரிவார். உண்மையான தீயில் பிள்ளைகள் அவரைக் கண்டு பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் செய்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் சிலர் அழுவார்கள். முந்தைய நாள் ராத்திரியே நாளைக்கு இப்படி ஒருவர் வருவார் என்று சொல்லிவைத்தால் சரியாகிவிடும்.

அன்று வீட்டுக்கு வரும் தாளை ஒதுக்கி வைக்காதீர்கள். வீட்டின் படம் வரைந்து, ஒவ்வோர் அறைக்கும் வெளியேற இரண்டு வழி, வெளியே எல்லாரும் கூடும் ஓர் இடம் ஆகியவற்றைக் குறித்து, பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று சோதித்தீர்களா என்ற கேள்வியும் அதில் இருக்கும். மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் அலறுகிறதே என்று பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கும் நம் வீடுகள் எனக்குத் தெரிந்தே நிறைய. தயவுசெய்து அதைத் திரும்பப் போடுங்கள். அடுப்புக்கு மேலே இருக்கும் மின்விசிறியைப் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளித்தாலே பெரும்பாலும் சத்தம் வராது. அப்புறமும் அலறினால், கருவியை இடம் மாற்ற முடியுமா என்று குடியிருப்பு அலுவலகத்தில் கேளுங்கள், நாமாகக் கழற்றக் கூடாது.

5. வகுப்பறைச் செயல்பாடுகள்: கேட்டதை மட்டும், கேட்ட நாளில்

செப்டம்பரில் ஆப்பிள், அக்டோபரில் இலையும் பூசணியும். சிவப்பு, பச்சை, மஞ்சள் ஆப்பிள்களைச் சுவைத்துவிட்டு யாருக்கு எது பிடித்தது என்று வரைபடம் போடுவார்கள். இலையைத் தாளுக்கடியில் வைத்துக் கிரேயான் தேய்த்து நரம்புகளை வரவழைப்பார்கள். பூசணி நாள் இன்னும் விசேஷம். நூலால் சுற்றளவு அளந்து, எடை போட்டு, தண்ணீரில் போட்டால் மிதக்குமா மூழ்குமா என்று முதலில் ஊகித்து எழுதி, பிறகு போட்டுப் பார்ப்பார்கள். அவ்வளவு பெரிய பூசணி மிதப்பதைப் பார்த்ததும் வகுப்பே கத்தும். கடைசியில் வெட்டி, விதைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுவார்கள். கணக்கு, அறிவியல், எழுத்து எல்லாம் ஒரே காயில் முடிந்துவிடும். வெளியிலிருந்து வரும் பெற்றோர் கை இல்லாமல் இது நடக்காது. முதல் தடவை வகுப்புக்குள் போவதற்கு இதைவிட நல்ல நாள் இல்லை. விதை எண்ண உதவ ஆங்கிலத்தில் பெரிதாகப் பேச வேண்டியதில்லை.

பொருள் கேட்டு சைன்அப்ஜீனியஸ் (யார் எதைக் கொண்டுவருவது என்று பதியும் இணையதளம்) இணைப்பு வரும். முதல் சில மணி நேரத்திலேயே காகிதத் தட்டு, நாப்கின் போன்ற மலிவானவை போய்விடும், தாமதமாகப் பார்ப்பவர்களுக்குப் பெரிய பூசணிதான் மிஞ்சும். அதுவும் சிரமமில்லை, இந்தப் பருவத்தில் எந்த மளிகைக் கடை வாசலிலும் குவித்து வைத்திருப்பார்கள்.

6. போட்டோ நாள், புத்தகச் சந்தை, நிதி திரட்டல்

போட்டோ ஆர்டர் செய்யாவிட்டாலும் இயர்புக்குக்காகப் பிள்ளையைப் படம் எடுப்பார்கள். அதனால் அன்று கட்டாயம் அனுப்புங்கள். பேக்கேஜ்கள் 20 டாலரிலிருந்து 60 டாலர் வரைகூடப் போகும். சின்னது ஒன்றே ஊரிலுள்ள தாத்தா பாட்டிகளுக்கு அனுப்பப் போதும். பிடிக்கவில்லை என்றால் மறுபடி எடுக்க ஒரு நாள் வைப்பார்கள்.

ஸ்காலஸ்டிக் புத்தகச் சந்தை வந்தால் பிள்ளைகள் முதல் நாள் பார்த்து, வேண்டியதைப் பட்டியல் எழுதி வருவார்கள், அடுத்த முறை வாங்குவார்கள். ரொக்கம் கொடுத்தால் பெயர் எழுதிய ஜிப் பையில் கொடுங்கள், அல்லது இணையத்தில் இ-வாலட் என்ற கணக்கில் முன்பே பணம் போடலாம். பல மாநிலங்களில் விலையோடு விற்பனை வரியும் சேரும். புத்தகம் வாங்கக் கொடுத்த பணத்தில் வாசனை ரப்பரும் போஸ்டரும் வந்து சேர்வது எல்லா வீட்டிலும் நடப்பது. எந்தப் புத்தகம் என்று துண்டுச்சீட்டில் எழுதி வைத்தால் அங்கிருக்கும் தன்னார்வலர் உதவுவார்.

ஓட்டப் பந்தயம், பட்டியல் விற்பனை என்று நிதி திரட்டும் தாள்கள் வரும். கொடுப்பது கட்டாயமில்லை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் இணைப்பு அனுப்பி நெருக்க வேண்டாம், முடிந்ததைப் பெற்றோர் சங்கத்துக்கு நேராகக் கொடுத்தால் போதும்.

7. அக்டோபர் கடைசி வாரம்

23-ஆம் தேதியிலிருந்து 31 வரை ரெட் ரிப்பன் வாரம், போதைப்பொருள் வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் வாரம். ஒரு நாள் சிவப்புச் சட்டை, ஒரு நாள் ஜோடி சேராத சாக்ஸ், ஒரு நாள் பைஜாமா என்று தினமும் ஒன்று சொல்வார்கள். அட்டவணையைப் பார்க்காமல் விட்டால், பைஜாமா நாளில் உங்கள் பிள்ளை மட்டும் பள்ளி உடையில் நிற்கும்.

31-ஆம் தேதி ஹாலோவீன். எல்லாப் பள்ளிகளிலும் கொண்டாடுவதில்லை. சில பள்ளிகள் இலையுதிர் கால விழா என்று பெயர் வைத்து வேடம் இல்லாமலே நடத்துகின்றன. வேடம் உண்டு என்றாலும் முகமூடி, பொம்மை ஆயுதம், ரத்தச் சாயம் கூடாது என்பது ஏறக்குறைய எங்கும் உள்ள விதி. காலையிலேயே போட்டு வர வேண்டுமா, பையில் கொண்டுவந்து மதியம் மாற்றிக்கொள்ள வேண்டுமா என்று டீச்சரிடம் கேளுங்கள். தானாகப் போட்டுக் கழற்ற முடிந்த வேடமாகப் பாருங்கள், பிள்ளை கழிப்பறைக்கும் போக வேண்டுமே. கடையில் 20 முதல் 40 டாலர். உள்ளூர் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் போன வருட வேடம் சும்மாவே கிடைக்கும். கைவசம் இருக்கிறதே என்று பட்டுப்பாவாடையையும் வேட்டியையும் வேடமாக அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. அது நம் உடை, அதற்கு வேறு நாள் இருக்கிறது.

வகுப்பு விருந்துக்கு வீட்டில் செய்த முறுக்கு, லட்டு பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள். பொருள்கள் அச்சிட்ட, பிரிக்காத கடைப் பாக்கெட்தான் வேண்டும். சைவக் குடும்பங்கள் ஒன்றைக் கவனியுங்கள். மார்ஷ்மல்லோ, பெரும்பாலான கம்மி மிட்டாய்கள், கேண்டி கார்ன் ஆகியவற்றில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கிலிருந்து எடுப்பது. வெஜிடேரியன் என்று மட்டும் சொன்னால் டீச்சருக்கு இது தோன்றாது. இறைச்சி வேண்டாம், ஜெலட்டின் வேண்டாம், முட்டை பரவாயில்லையா இல்லையா என்று வரிவரியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். கூடவே நாலைந்து பாக்கெட் தின்பண்டத்தை வகுப்பில் கொடுத்து வைத்தால், மற்றவர்கள் சாப்பிடும்போது உங்கள் பிள்ளை வெறுங்கையோடு உட்காராது.

8. தீபாவளி: விடுப்பும் வகுப்பு வருகையும்

நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை உண்டு. நியூ ஜெர்சியில் நம்மவர் அதிகம் உள்ள சில மாவட்டங்களும் விடுமுறை விடுகின்றன. விடாத மாவட்டமாக இருந்தாலும், மாநிலக் கல்வி வாரியத்தின் மத விடுமுறைப் பட்டியலில் தீபாவளி இருக்கிறது. முன்கூட்டியே பெற்றோர் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்தால், அன்று வராததற்காகத் தேர்வையோ விருதையோ பிள்ளை இழக்கக் கூடாது. இன்னொன்று: பள்ளி நாட்காட்டியில் வடக்கத்தியர் லட்சுமி பூஜை செய்யும் நாள் இருக்கலாம், நம் தீபாவளி அதற்கு முந்தைய நாளாக விழலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள்.

வகுப்பில் வந்து தீபாவளி பற்றிச் சொல்கிறேன் என்று நீங்களாகக் கேட்கலாம், பெரும்பாலான டீச்சர்கள் மகிழ்ச்சியோடு நேரம் ஒதுக்குவார்கள். குறைந்தது மூன்று வாரம் முன்னால் எழுதுங்கள். 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. அப்படிப்பட்ட வருடத்தில் இன்னும் முன்னால் கேட்க வேண்டும். பொதுப் பள்ளியில் பண்டிகையைப் பற்றிச் சொல்லலாம், பூஜை செய்யவோ செய்ய வைக்கவோ கூடாது. நெருப்பும் கூடாது, பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அரைமணி நேரத்துக்கு ஒரு படப் புத்தகம், ஒரு கைவேலை போதும். கறுப்புக் காகிதத்தில் புள்ளி வைத்துக் கொடுத்து, வண்ணச் சாக்குக்கட்டியால் கோலம் போடச் சொன்னோம். சிக்குக் கோலத்தின் கோடு எங்கே திரும்புகிறது என்று பிள்ளைகள் விரலாலேயே தடவிப் பார்த்தார்கள். பட்டுப்பாவாடைக்கான நாள் இதுதான்.

9. நவம்பர்: அரைநாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இந்த மாதம்தான் கடினம். தேர்தல் நாள், நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே, நியூ ஜெர்சியில் மாத முற்பகுதியில் ஆசிரியர் சங்க மாநாட்டுக்காக ஒரு வியாழன் வெள்ளி, நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங், மறுநாள் வெள்ளி என்று விடுமுறை விழுந்துகொண்டே இருக்கும். தேர்தல் நாளும் 11-ஆம் தேதியும் எல்லா இடத்திலும் விடுமுறை இல்லை. 11-ஆம் தேதி திறந்திருக்கும் பள்ளிகளில் முன்னாள் ராணுவத்தினரை அழைத்துப் பிள்ளைகள் பாட்டுப் பாடுவார்கள், பெற்றோருக்கும் சில சமயம் அழைப்பு வரும்.

டீச்சருடனான சந்திப்பு வாரத்தில் பிள்ளைகளை மதியமே அனுப்பிவிடுவார்கள். சந்திப்பு நேரத்தைப் பதிவு செய்யும்போதே, அன்று பிள்ளையை யார் அழைத்து வருவது என்றும் முடிவு செய்யுங்கள். பள்ளி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர்கேரில் இருந்தால், அரைநாளுக்குத் தனிப் பதிவும் தனிக் கட்டணமும் இருக்கலாம். சந்திப்பு பதினைந்து இருபது நிமிடம்தான், அடுத்த பெற்றோர் வாசலில் நிற்பார்கள். மதிப்பெண்ணைத் தாளிலேயே பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை யாரோடு விளையாடுகிறது, வகுப்பில் வாய் திறந்து பேசுகிறதா, வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே எழுதுங்கள், அதற்குக் காசு கேட்கக் கூடாது. பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்னால் வீட்டு வேலையாகக் காகித வான்கோழி ஒன்று வரும். அந்தப் பண்டிகைக்கு வான்கோழி சமைப்பது வழக்கம், அதனால் யாரும் அடையாளம் கண்டு சமைத்துவிடாதபடி அதற்கு வேடம் போட்டு அனுப்ப வேண்டும், குடும்பமே சேர்ந்து செய்யலாம். துணித் துண்டு, ஜிகினா, துவரம்பருப்பு எதுவும் ஒட்டலாம், வேர்க்கடலை மட்டும் வேண்டாம். பருப்பு ஒட்டினால் பசை காய ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். திங்கட்கிழமை கொடுக்க வேண்டியதை ஞாயிறு காலையிலேயே ஒட்டி முடித்துவிடுங்கள்.